பற்றிக்கொள்ளும் புரதம்

ஜூன் 9, திங்கள்

மறுபடியும் வேலைக்கு வந்துவிட்டேன். என் கணவர் லோகு என்னை வாசலில் இறக்கிவிட்டு, நான் உள்ளே போகும்வரை வண்டியைக் கிளப்பாமல் நின்றார். திரும்பிப் பார்க்காமலே அது தெரிந்தது.

கோவையில், மருத்துவமனைக்குப் பின்கட்டில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் எதுவும் மாறவில்லை. துறைத் தலைவர் ஜெபராணி மேடம் என் பழைய மேசையைத் துடைத்து வைக்கச் சொல்லியிருந்தார். செல் வளர்ப்பு அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆராய்ச்சி மாணவர் நவ்ஷாத், "வாங்கக்கா" என்றதோடு சரி. இத்தனை மாதம் எங்கே போனாய், இப்போது எப்படி இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்காகவே எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது.

மதியம் தக்காளி சாதம். பாதிதான் இறங்கியது. லோகு கேட்டால் முழுவதும் சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 11, புதன்

மேடம் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். குழந்தைகள் வார்டில் இரண்டு வயதுகூட ஆகாத ஒரு பையன். நிமோனியா திரும்பத் திரும்ப வருகிறது. வாயெல்லாம் புண். அவனுக்கு முன் பிறந்த அண்ணன் இதே மாதிரி நெஞ்சுச் சளி வந்து இறந்திருக்கிறான். டாக்டர் திருமூர்த்திக்கு இது பிறவியிலேயே வரும் நோய் எதிர்ப்புக் குறைபாடு என்று சந்தேகம்.

எனக்கே தெளிவாக இருக்கட்டும் என்று எழுதிவைக்கிறேன். நம் ரத்தத்தில் பி செல் என்று ஒன்று, டி செல் என்று ஒன்று. பி செல்லின் மேல் சிடி40 என்ற புரதம் இருக்கிறது. டி செல் தன் புரதத்தால் அந்த சிடி40ஐப் பற்றினால்தான், கிருமியைச் சரியாக எதிர்க்கும் வேலையை பி செல் தொடங்கும். இந்தப் பையனின் டி செல்லில் பற்றும் புரதம் இருப்பதாக வழக்கமான சோதனை காட்டுகிறது. ஆனால் அதன் மரபணுவில் ஓரெழுத்து மாறியிருக்கிறது. உலகத்தில் யாரும் இதற்கு முன் பதிவு செய்யாத மாற்றம். அது நோய்க்குக் காரணமாகவும் இருக்கலாம், ஒன்றும் இல்லாததாகவும் இருக்கலாம்.

கை இருக்கிறது. பிடிக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

அதைத் தெரிந்துகொள்ள, உடம்புக்கு வெளியே தயாரித்த மனித சிடி40 வேண்டும். ஒளிரும் சாயம் பூசிய அந்தப் புரதத்தைப் பையனின் டி செல்கள் பிடித்தால் செல்கள் மின்னும், பிடிக்காவிட்டால் இருட்டாகவே இருக்கும். அது உறுதியாகாமல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்ய முடியாது. அந்தச் சிகிச்சையிலேயே உயிர் போய்விடக்கூடும். வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு யாரும் அதில் இறங்கமாட்டார்கள்.

மேடம் பையனின் பெயரைச் சொல்ல வந்தார். வேண்டாம், மாதிரி எண் போதும் என்றேன். என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, எண்ணை மட்டும் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்.

ஜூன் 17, செவ்வாய்

வெளிநாட்டிலிருந்து வரவழைத்த புரதம் வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்தால் உலர்பனி ஒரு துண்டுகூட இல்லை. வழியில் எங்கோ நாள்கணக்கில் வெயிலில் கிடந்திருக்கிறது. குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திரிந்த பால்போல வெள்ளைத் துகள்கள்.

மறுபடியும் வரவழைத்தால் எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. பையனுக்கு மீண்டும் காய்ச்சலாம்.

ஜூன் 18, புதன்

நாமே செய்துவிடலாம் என்று மேடம் சொல்கிறார். சிடி40ஐச் செய்யச் சொல்லும் மரபணுத் துண்டு பெங்களூரில் ஓர் ஆய்வாளரிடம் இருக்கிறது. மின்னஞ்சல் அனுப்பினேன். நான் முன்பின் பார்த்திராத அந்த அம்மையார் ஒரு மணி நேரத்துக்குள் பதில் போட்டுவிட்டார். "இன்றே அனுப்புகிறேன். குழந்தைக்கு நல்லபடியாக முடியட்டும்." அவ்வளவுதான்.

ஜூன் 24, செவ்வாய்

பெங்களூரிலிருந்து சாதாரணத் தபால் உறை. உள்ளே ஒரு வடிதாள், அதில் பென்சிலால் போட்ட சின்ன வட்டம். வட்டத்துக்குள் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அந்த மரபணுத் துண்டு அங்கேதான் உலர்ந்து ஒட்டியிருக்கிறது. கத்தரித்துத் தண்ணீரில் நனைத்து, பாக்டீரியாவுக்குள் ஏற்றி, பெருக வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் கீரைக்கட்டு, தேங்காய், லோகுவுக்கு இருமல் மருந்து.

ஜூன் 26, வியாழன்

லோகு மாடி அறையின் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார். காற்றோட்டமாக இருக்கட்டும் என்றார். நான் போய் மூடிவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

இன்று மரபணுத் துண்டை மனிதச் செல்களுக்குள் செலுத்தினேன். நவ்ஷாத் வளர்த்துத் தந்த சிறுநீரகச் செல்கள். இனி அவை நம் சொல்படி சிடி40ஐச் செய்து, தாங்கள் மூழ்கியிருக்கும் இளஞ்சிவப்புத் திரவத்தில் விட வேண்டும். நான் இல்லாத நாள்களிலும் நவ்ஷாத் ஒரு தடவைகூடத் தவறாமல் அவற்றுக்குத் திரவம் மாற்றியிருக்கிறார். ஒருநாள் விட்டால்கூடச் சுருங்கிப்போகும் செல்கள் அவை.

ஜூலை 7, திங்கள்

பூஞ்சை. நுண்ணோக்கியில் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நூல்நூலாக எல்லாக் குடுவைகளிலும். செல்களை வளர்க்கும் சூட்டுப்பெட்டிக்குள் வைக்கும் தண்ணீர்த் தட்டிலிருந்து வந்திருக்க வேண்டும்.

இப்படி ஆகிவிட்டால் பிளீச்சிங் திரவத்தை ஊற்றிக் கொன்று கொட்டிவிடுவதுதான் முறை. எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். இன்று பாட்டிலைத் திறந்தேன். ஊற்ற முடியவில்லை.

இந்தச் செல்கள் எங்கிருந்து வந்தவை என்பது எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். மாணவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிக் கடந்திருக்கிறேன். ஐம்பது வருடங்களுக்கு முன், ஐரோப்பாவில், பிறக்காமல் போன ஒரு குழந்தையின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தவை. அந்தத் தாய் யாரென்று யாருக்கும் தெரியாது. அந்தக் கரு எப்படிக் கலைந்தது என்பதற்கும் சரியான பதிவு இல்லை. அந்தச் சின்னத் துணுக்கு மட்டும் ஒரு கண்ணாடித் தட்டில் பிழைத்து, பெருகி, உலகம் முழுவதும் ஆய்வுக்கூடங்களில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்தத் தாயிடம் யாராவது கேட்டார்களா? தெரியாது. கேட்டிருக்க வேண்டும்.

நவ்ஷாத் வந்து என் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டார். "நீங்க போய் டீ குடிங்கக்கா, நான் பார்த்துக்கறேன்" என்றார். போனேன். டீ குடிக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

நவ்ஷாத் திரவ நைட்ரஜன் தொட்டியிலிருந்து, இரண்டு வருடம் முன்பே உறைய வைத்திருந்த ஒரு குப்பியை எடுத்துக் கொடுத்தார். சுத்தமான செல்கள். உருகவைத்துக் குடுவையில் விட்டோம். சாயங்காலம் பார்த்தபோது அடியில் ஒட்டிக்கொண்டு கால் நீட்டத் தொடங்கியிருந்தன.

குனிந்து பார்த்துக்கொண்டே, நன்றி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நவ்ஷாத் தனக்குத்தான் சொன்னதாக நினைத்து, இருக்கட்டும்க்கா என்றார். அவருக்கும்தான்.

ஜூலை 21, திங்கள்

புதுச் செல்களிலும் மரபணுத் துண்டைச் செலுத்தியிருந்தேன், இன்று அறுவடை. திரவத்தை வடிகட்டி, நம் புரதத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும் மணிகள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்கினேன். மற்றதெல்லாம் கழுவிப் போயிற்று. கடைசியில் மணிகள் பிடித்ததை விடுவித்து வாங்கிக்கொண்டேன். ஒரு விரல்நுனி அளவுத் திரவம், தண்ணீர்போலத் தெளிவாக. புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் கூழில் ஓட்டிப் பார்த்ததில், இருக்க வேண்டிய இடத்தில் ஒரே கோடு. பக்கத்தில் அழுக்கே இல்லை.

மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு கேண்டீனிலிருந்து எல்லோருக்கும் பருப்பு வடை வரவழைத்தார். இரண்டு சாப்பிட்டேன். லோகுவிடம் இதை உண்மையாகவே சொல்லலாம்.

ஜூலை 23, புதன்

பையனின் ரத்தத்தோடு, அப்பா, அம்மா, ஏழு வயது அக்கா, மூவரின் ரத்தமும் வேண்டும் என்று கேட்டிருந்தேன். வார்டு உதவியாளர்தான் கொண்டுவருவார் என்று நினைத்தேன். அம்மாவே கொண்டுவந்துவிட்டார். குழாய்கள் இருந்த டப்பாவை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். பெயர் பூங்கொடி, காங்கயம் பக்கம். கணவர் ரத்தினசாமி அரிசி ஆலையில் வேலை செய்கிறார். நான் கேட்காமலே, பையன் பெயர் நிகிலன் என்றும் சொல்லிவிட்டார். இனி அதை மறக்க முடியாது.

உள்ளே வரலாமா என்று கேட்டார். வரச்சொல்லி முக்காலி போட்டேன். புரதம் இருந்த குப்பியைக் காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

"இந்த மருந்த அவனுக்குக் குடுக்க முடியாதுங்களா, மேடம்?"

இது மருந்து இல்லை, உடம்புக்குள் செலுத்தக் கூடாது, அவன் செல்களைச் சோதித்துப் பார்க்க மட்டும்தான் என்று விளக்கினேன். முகம் விழுந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டார்.

"பரவால்லீங்க. பெரியவனுக்கு என்ன வந்துதுன்னே சொல்லாம அனுப்பிட்டாங்க. சளின்னாங்க, அப்பறம் ஒண்ணுமே சொல்லல. என்னன்னு தெரிஞ்சாவே எனக்குப் போதுமுங்க."

அவர் போன பிறகு கை கழுவினேன், கையுறை மாட்டினேன், கழற்றினேன், மறுபடி கழுவினேன். வேலையை மதியத்துக்குமேல்தான் தொடங்க முடிந்தது.

ஜூலை 24, வியாழன்

முடிவு வந்துவிட்டது.

டி செல்களைச் சில மணி நேரம் தூண்டி, சாயம் பூசிய சிடி40ஐச் சேர்த்து, செல்களை ஒவ்வொன்றாக ஒளியின் முன் ஓடவிடும் கருவியில் விட்டேன். முதலில் என் ரத்தம், ஒப்பிட்டுப் பார்க்க. மின்னியது. ரத்தினசாமியுடையது மின்னியது. அக்கா தாரணியுடையது நன்றாகவே மின்னியது.

நிகிலனின் செல்களில் ஒன்றுகூட மின்னவில்லை. கை இருக்கிறது, பிடிக்கவில்லை.

கடைசியாக பூங்கொடியுடையது. திரையில் வரும் வரைபடத்தில் ஒரு மலைக்குப் பதில் இரண்டு மலைகள் எழுந்தன, ஏறக்குறைய ஒரே உயரத்தில். அவருடைய டி செல்களில் பாதி பிடிக்கின்றன, பாதி பிடிக்கவில்லை. இந்தக் குறை தாய்வழியாக மகன்களுக்கு வருவது. தாய்க்கு மீதிப் பாதி போதும் என்பதால் ஒன்றும் ஆகாது. தனக்குள் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ்ந்துவிடலாம்.

மேடம் என் தோளில் கை வைத்தார். இன்னொரு தடவை புது ரத்தத்தில் செய்துவிடலாம், அதன் பிறகு டாக்டரிடம் சொல்லலாம் என்றார்.

ஜூலை 28, திங்கள்

மறுபடியும் அதேதான். அறிக்கையில் மேடமும் நானும் கையெழுத்துப் போட்டோம்.

ஜூலை 30, புதன்

பூங்கொடி வந்தார். இந்த முறை கையில் டப்பா இல்லை. டாக்டர் திருமூர்த்தி எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். இனிக் கொதிக்க வைத்த தண்ணீர் மட்டும், தினமும் தடுப்பு மருந்து, மாதாமாதம் எதிர்ப்புச் சத்து ஊசி, நடுவில் மஜ்ஜை பொருந்துகிறதா என்று தாரணிக்குச் சோதனை. எல்லாவற்றையும் என்னிடம் ஒப்பித்தார். பிறகு கேட்டார்.

"அப்ப ரெண்டு பேருக்குமே என்கிட்ட இருந்துதான் வந்துதுங்களா?"

இதைத் தவிர்க்க எத்தனையோ வார்த்தைகள் தெரியும் எனக்கு. மரபணு, தற்செயல், சதவீதம். ஒன்றையும் சொல்லவில்லை. ஆமாம் என்றேன். கருவியின் திரையைத் திருப்பி அந்த இரண்டு மலைகளையும் காட்டினேன். இந்த மலை உங்களிடம் குறையாக இருப்பது, நீங்கள் பிறக்கும்போதே இருந்தது. நீங்கள் சாப்பிட்டதாலோ, செய்ததாலோ, செய்யாமல் விட்டதாலோ வந்ததல்ல. பக்கத்தில் இருப்பது தாரணிக்குப் போனது. அதுதான் இப்போது தம்பியைக் காப்பாற்றப் பார்க்கிறது.

அவர் அழவில்லை. விரலை நீட்டித் திரைக்குச் சற்று முன்னால் நிறுத்தி, இரண்டு மலைகளின் மேலும் காற்றில் கோடு இழுத்தார்.

"நாலு வருசமா ஒவ்வொண்ணா நெனச்சுப் பார்ப்பனுங்க. அன்னிக்கு மழைல நனைய வுட்டனா, கோயில் கூட்டத்துக்குத் தூக்கிட்டுப் போனதா. இனி அந்த யோசன வேண்டாமில்லீங்க?"

"வேண்டாம்."

அப்புறம் எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. நானும் அப்படித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். போன வருடம் கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில், ஒருநாள் சாயங்காலத்திலிருந்து அசைவு இல்லை. எல்லாச் சோதனையும் செய்தார்கள். காரணம் கிடைக்கவில்லை. எனக்கு இரண்டு மலைகள் போட்ட படம் யாரும் காட்டவில்லை. படிக்கட்டு ஏறினேனே, வளர்ப்பு அறையில் நெடுநேரம் நின்றேனே என்று தினமும் தேடுகிறேன். இதையெல்லாம் லோகுவிடம்கூட இப்படிக் கோவையாகச் சொன்னதில்லை.

பூங்கொடி முக்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"பேரு வெச்சிருந்தீங்களா, அக்கா?"

"ஆதிரை."

யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்ன பிறகு அறையில் எதுவும் இடிந்துவிடவில்லை.

"நல்ல பேருங்க்கா" என்றார் பூங்கொடி.

நான் அவருக்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன் என்று மேடம் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறார். எனக்கு அவர் கொடுத்தது என்னவென்று மேடத்துக்குத் தெரியாது.

ஜூலை 31, வியாழன்

காலையில் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே லோகுவிடம் ஆதிரையைப் பற்றிப் பேசினேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். இரண்டு பேருமே வேலைக்குத் தாமதம். இவ்வளவு நாளாக அவர் பேசாமல் இருந்தது எனக்காகத்தானாம். நான் பேசாமல் இருந்தது அவருக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தாரணியின் மஜ்ஜை தம்பிக்கு முழுக்கப் பொருந்துகிறது. டாக்டர் திருமூர்த்தி தானே நடந்து வந்து சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 10, புதன்

மதுரையிலிருந்து ஒரு குழு சிடி40 கேட்டு எழுதியிருந்தது. அவர்களிடமும் இப்படி ஒரு குழந்தை. புரதத்தைப் பனிப்பெட்டியில் கார் வைத்து அனுப்பினோம். கூடவே, அவர்களே செய்துகொள்ளட்டும் என்று ஒரு வடிதாளில் பென்சில் வட்டம் போட்டு மரபணுத் துண்டையும் வைத்தேன். பெங்களூர் அம்மையாரிடம் அனுமதி கேட்டதற்கு, இதற்கெல்லாமா கேட்பது என்று எழுதினார்.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று சென்னையில் நிகிலனுக்கு மஜ்ஜை ஏற்றியிருக்கிறார்கள். இங்கே கொட்டும் மழை. தோசைமாவு புளித்துவிட்டது.

அக்டோபர் 27, திங்கள்

பையனுக்குக் கடும் காய்ச்சல் என்று தகவல். எதிர்ப்புச் செல்களே இல்லாத கட்டம் இது. பூங்கொடிக்கு ஃபோன் செய்யக் கை போய்ப் போய் வந்தது. அவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று விட்டுவிட்டேன். லோகு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பண்ணு சுகி. எடுக்கலன்னா எடுக்கல" என்றார். பூங்கொடி எடுத்தார். இணைப்பில் இருந்தோம். பின்னால் ஏதோ கருவி விட்டுவிட்டு ஒலித்துக்கொண்டிருந்தது.

அக்டோபர் 30, வியாழன்

காய்ச்சல் இறங்கிவிட்டது. புதுச் செல்கள் முளைக்கத் தொடங்கியிருக்கின்றன.

நவம்பர் 22, சனி

மாடி அறையில் லோகுவின் தறிப்பட்டறைக் கணக்கு நோட்டுப் பெட்டிகளையும் என் புத்தகங்களையும் ஏற்றினோம். தொட்டிலைக் குழந்தைகள் வார்டு விளையாட்டறைக்குக் கொடுத்தாயிற்று. கனமாக இருந்தது. நவ்ஷாத் வந்து ஒரு பக்கம் பிடித்தார்.

பிப்ரவரி 12, வியாழன்

வீடு திரும்பிய நிகிலனுக்குச் சென்னையில் மறுபரிசோதனையின்போது எடுத்த ரத்தம் வந்தது. மறுபடியும் அதே சோதனை, இந்தத் தடவை நாங்கள் புதிதாகச் செய்த சிடி40ஐக் கொண்டு. திரையில் புள்ளிகள் விழ விழ மேடமும் நவ்ஷாத்தும் பின்னால் வந்து நின்றார்கள். செல்கள் மின்னின. ஒன்றிரண்டு அல்ல, ஏறக்குறைய எல்லாமே. தாரணியின் செல்கள் தம்பியின் உடம்பில் குடியேறி, பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இந்த எட்டு மாதத்தில் யார் யாருக்கு நான் கடன்பட்டவள் என்று யோசித்தால் முடிவே வராது. செல்களைத் தந்த, முகம் தெரியாத அந்தக் குழந்தையிடமும், அதன் தாயிடமும் தொடங்க வேண்டும்.

முறைப்படி டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர், நீங்களே சொல்லுங்கள் சுகிர்தா என்று என்னிடம் விட்டுவிட்டார். காங்கயத்துக்குப் பேசினேன். பூங்கொடி கேட்டுக்கொண்டார். "சரிங்க்கா" என்றார். மறுபடியும் "சரிங்க்கா."

தாரணி ஃபோனை வாங்கிக்கொண்டாள். அவளோடு நான் பேசுவது இதுதான் முதல் தடவை.

"ஆன்ட்டி, அப்ப இனி தம்பிய அடிக்கலாமா?"

எதற்கு என்று கேட்டேன். அவன் அவளுடைய கலர் பென்சில்களையெல்லாம் உடைத்து வைக்கிறானாம். தொடக் கூடாது, கிட்டப் போகக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே எல்லோரும் அவனுக்கு இடம் கொடுத்துவிட்டார்களாம்.

"அடிக்க வேண்டாம்," என்றேன். "சண்ட போடலாம்."

ஃபோனை எங்கோ வைத்துவிட்டு ஓடிவிட்டாள். அணைக்கவில்லை. ஏதோ உருண்டு விழும் சத்தம், ஒரு வீறிடல், அதற்கு மேல் இன்னொரு வீறிடல். பூங்கொடி இரண்டு பேரையும் பெயர் சொல்லி அதட்டினார். அவர் குரல் அத்தனை உரக்க வரும் என்று எனக்குத் தெரியாது. நான் இணைப்பைத் துண்டிக்காமல், அந்த வீட்டுக் கூச்சலைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.